திருமணம் மருந்தல்ல

(பெங்களூருவில் 2025 டிசம்பர் 21, ஞாயிறன்று நடைபெற்ற உழைக்கும் பெண்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்லள். தமிழ் படித்தவள், முப்பது ஆண்டுகளாகக் கட்சியின் அறிக்கைகளையும் துண்டறிக்கைகளையும் தமிழில் பெயர்த்துக் கொண்டிருப்பவள். ஒரு நோயைப் பற்றிப் பேச இவள் ஏன் வந்தாள் என்று உங்களில் சிலர் எண்ணக் கூடும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த அக்டோபர் 9 அன்று கர்நாடக அமைச்சரவை மாதவிடாய் விடுப்புக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. மாதத்திற்கு ஒரு நாள், ஆண்டிற்குப் பன்னிரண்டு நாள், சம்பளத்துடன் விடுப்பு. நவம்பரில் அரசாணை வெளிவந்ததும், அதை விளக்கித் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதினோம். பீன்யாவில் ஆலை விடும் நேரத்தில் அதைக் கொடுத்துக் கொண்டிருந்தபோது, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “ஒரு நாள் லீவு சரிதான் அக்கா. எனக்கு மாசத்துல அஞ்சு நாள் நிக்க முடியலயே. கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆச்சு, குழந்தையும் நிக்கல. அதுக்கு இதுல ஏதாச்சும் எழுதியிருக்கா?”

அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஏனெனில், அவள் சொன்ன நோய் என் உடம்பில் பத்தொன்பது ஆண்டுகள் பெயரில்லாமல் குடியிருந்த நோய்.

நான் கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். பதின்மூன்று வயதில் வலி தொடங்கியது. பாட்டி சொன்னது, “கல்யாணம் ஆனா சரியாயிடும்.” திருமணம் ஆயிற்று, சரியாகவில்லை. “ஒரு குழந்தை பெத்துட்டா சரியாயிடும்” என்றார்கள். அதைச் சொன்னவர்களில் மருத்துவம் படித்தவர்களும் இருந்தார்கள். குழந்தை உண்டாகவில்லை. எனக்கு முப்பத்திரண்டு வயதானபோதுதான், வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பிச் சோதனையில் நோயின் பெயர் தெரிந்தது. அதுவரை வலியின் காரணமாகக் கட்சிக் கூட்டத்திற்கு வர முடியாத நாட்களில் ‘காய்ச்சல்’ என்றுதான் தோழர்களிடம் சொல்லி வந்தேன். சுரண்டலைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்க முடிந்த எங்களுக்கு, மாதவிடாய் என்ற சொல்லை ஒரு கமிட்டிக் கூட்டத்தில் உச்சரிக்க முடியவில்லை. இது என் தற்குறைவிமர்சனம் மட்டுமன்று, நம் அனைவருடையதும்.

நோய் என்ன?

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இதற்கு ‘இடமகல் கருப்பை அகப்படலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொல் செப்பமானது, பொருளையும் சரியாகச் சொல்கிறது. ஆனால் மருத்துவச் சீட்டில் எண்டோமெட்ரியோசிஸ் என்றுதான் இருக்கும் என்பதால் நானும் அந்தப் பெயரையே ஆள்கிறேன்.

கருப்பையின் உட்புறத்தில் ஒரு படலம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அது கருவை ஏற்கத் தடித்து வளர்கிறது. கரு தங்காதபோது உதிர்ந்து குருதியாக வெளியேறுகிறது. அந்தப் படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்நோய். சினைப்பையின் மீது, கருக்குழாயின் மீது, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையில், சிறுநீர்ப்பையின் மீது என்று அது வேரூன்றுகிறது. இடம் மாறினாலும் அது ஹார்மோன்களின் கட்டளைக்கே கீழ்ப்படிகிறது. மாதந்தோறும் அதுவும் தடிக்கிறது, அதுவும் கசிகிறது. ஆனால் வெளியேற வழியில்லை. எனவே அந்த இடம் அழன்று வீங்குகிறது, தழும்பேறுகிறது. அருகருகே இருக்கும் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. சினைப்பைக்குள் பழங்குருதி தேங்கிக் கட்டியாகும்போது, அதன் நிறத்தை வைத்துச் ‘சாக்லேட் கட்டி’ என்கிறார்கள்.

மாதவிடாயின்போது ஆளைச் சுருட்டிப் போடும் வலி, உடலுறவின்போது வலி, மலம் கழிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் வலி, அளவுமீறிய குருதிப்போக்கு, தீராத சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியுமின்றி, குழந்தை உண்டாகாமையே முதல் அறிகுறியாக இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகில் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருநூறு பெண்கள் இருக்கிறீர்கள். இருபது பேர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த இருபது பேரில் எத்தனை பேருக்கு நோயின் பெயர் தெரியும்?

ஏன் வருகிறது என்பதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன், மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் படிவதே காரணம் என்று 1927இல் விளக்கினார். ஆனால் அப்படிப் பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது. நோய் சிலருக்கே வருகிறது. பரம்பரைக் கூறு, நோயெதிர்ப்பு ஆற்றல், ஹார்மோன்கள் ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்று அறிவியல் கருதுகிறது. ஒன்று மட்டும் உறுதி: இது பெண் செய்த எந்தத் தவறாலும் வருவதன்று.

தாய்மையும் இந்நோயும்

‘குழந்தை பெற்றால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை எவ்வளவு கொடியது என்பதை இப்போது பாருங்கள். கருத்தரிப்பதையே தடுக்கும் நோய்க்குக் கருத்தரிப்பை மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

தழும்பும் ஒட்டுதலும் கருக்குழாயை முறுக்கிவிடுகின்றன. சினைப்பையிலிருந்து வரும் முட்டையைக் குழாய் வாங்கிக் கொள்ள முடிவதில்லை. சாக்லேட் கட்டி, சினைப்பையில் இருக்கும் முட்டைகளின் இருப்பைக் குறைக்கிறது. குழாய் திறந்திருந்தாலும், அழற்சியால் வயிற்றறையின் சூழலே முட்டைக்கும் விந்தணுவுக்கும் கருவுக்கும் பகையாகிவிடுகிறது. நோயில்லாத இணையர்க்கு ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு 15 முதல் 20 விழுக்காடு என்றால், சிகிச்சை பெறாத நோயாளிப் பெண்களுக்கு அது 2 முதல் 10 விழுக்காடு என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. இந்நோயுள்ள பெண்களில் 30 முதல் 50 விழுக்காட்டினர் குழந்தைப்பேற்றில் இடர்ப்படுகிறார்கள்.

அதே கணக்கை மறுபுறமிருந்தும் படியுங்கள், சகோதரிகளே. பாதிப் பேரோ அதற்கும் மேலோ தாமாகவே கருத்தரிக்கிறார்கள். எனவே நோயின் பெயரைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டியதில்லை. லேப்ராஸ்கோப்பி அறுவை மூலம் நோய்த்திசுவை அகற்றுவதும், தேவைப்படின் சோதனைக் குழாய் முறையும் பலருக்குக் கைகொடுக்கின்றன. ஒன்றை நினைவில் வையுங்கள். சினைப்பைக் கட்டியை அகற்றும் அறுவை, முட்டை இருப்பையும் குறைக்கலாம். ஆகையால், குழந்தை வேண்டுமென்றால், கத்தி வைப்பதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிக் கலந்து முடிவு செய்ய வேண்டும். குழந்தை இல்லையென்றால் முதலில் கணவனின் விந்தணுச் சோதனையையும் கேளுங்கள். அது எளிய சோதனை, வலியில்லாதது; ஆயினும் நம் வீடுகளில் அது பெரும்பாலும் கடைசியாகவே நடக்கிறது.

கருத்தரித்த பின்னரும் கவனம் வேண்டும். பெரும்பாலான கருப்பங்கள் நல்லபடியாகவே முடிகின்றன. எனினும், கரு குழாயிலேயே தங்கிவிடுதல், கருச்சிதைவு, நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துப் படிதல், குறைமாதப் பிறப்பு ஆகியவற்றுக்கான வாய்ப்பு இந்நோயுள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல். எனவே முதல் பரிசோதனையிலேயே ‘எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் உண்டு’ என்று சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் கடும் வலி வந்தாலும், பிந்தைய மாதங்களில் குருதி கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருப்பகாலத்தில் மாதவிடாய் நின்றிருப்பதால் சிலருக்கு வலி தணிகிறது. இதைக் கண்டுதான் ‘குழந்தையே மருந்து’ என்ற கதை பிறந்தது. குழந்தை பிறந்து மாதவிடாய் திரும்பும்போது பலருக்கு வலியும் திரும்புகிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்நோயைத் தீர்ப்பதற்காக மட்டும் கருத்தரிக்குமாறு பெண்ணுக்கு அறிவுரை கூறக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. நோயை ஐயுற்றால், லேப்ராஸ்கோப்பிக்காகக் காத்திராமலே மருந்து தொடங்கலாம் என்றும் அது சொல்கிறது. அதாவது நோயைக் கண்டறிய பெரிய மருத்துவமனையும் பெரும் பணமும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கேட்கும் காதும், நல்ல ஸ்கேனும், பயிற்சி பெற்ற மருத்துவரும் இருந்தாலே பாதி வழி கடந்துவிடலாம்.

அறிவுரையின் வர்க்கம்

‘சீக்கிரம் கல்யாணம் செய்து வை’ என்பது நம் பாட்டிமாரின் அறியாமை மட்டுமன்று. பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற மருத்துவர் ஜோ மெய்க்ஸ் 1940களில் இதையே மருத்துவக் கோட்பாடாக எழுதினார். வசதியான வீட்டுப் பெண்கள் திருமணத்தையும் மகப்பேற்றையும் தள்ளிப் போடுவதால் இந்நோய் பெருகுகிறது, இளவயதில் மணந்து பிள்ளை பெறுவதே தடுப்பு என்றார். பின்னாளில் இதற்கு ‘வேலைக்குப் போகும் பெண்களின் நோய்’ என்று பட்டமும் கிடைத்தது.

விளைவு என்ன? இது வசதியான வெள்ளைப் பெண்களின் நோய் என்றான பின், ஏழைப் பெண்ணிடம் எவரும் இதைத் தேடவில்லை. அமெரிக்காவில் இதே வலியோடு வந்த கறுப்பினப் பெண்களுக்கு, பால்வினைத் தொற்றால் வரும் இடுப்பறை அழற்சி என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். டொனால்ட் சாட்மன் என்ற மருத்துவர் 1976இல் தம் ஆய்வை வெளியிட்டார். அவ்வாறு முத்திரை குத்தப்பட்ட கறுப்பினப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் உண்மையில் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. பணக்காரிக்கு ‘பிள்ளை பெறு’ என்ற போதனை. ஏழைக்கு ‘ஒழுக்கம் கெட்டவள்’ என்ற பழி. இருவருக்கும் கிடைக்காதது சிகிச்சை.

தமிழ் படித்தவள் என்ற முறையில் நம் மரபைப் பற்றியும் ஒரு சொல். மாதவிடாய்க் காலத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்களைப் புறநானூற்றின் 299ஆம் பாடலே உவமையாகக் காட்டுகிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமை உள்ள ஒதுக்கம் இது. ‘வீட்டுக்குத் தூரம்’, ‘விலக்கு’, ‘தீட்டு’ என்று நாம் சேர்த்து வைத்திருக்கும் சொற்கள் எல்லாம் பெண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கின்றன. அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லும் சொல் ஒன்றும் அவற்றில் இல்லை. ‘மலடி’ என்ற சொல் தெருவில் புழங்குகிறது. ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் இருக்கிறது. தெருவில் அதை நான் கேட்டதில்லை.

ஆலையில் என்ன நடக்கிறது?

பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் சாலையிலும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணிக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு. கழிப்பறைக்குச் சென்றுவரும் நிமிடங்களுக்கும் கணக்கு. இந்த இலக்கு, வலியில்லாத ஓர் உடலை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. வலியுள்ளவள் என்ன செய்வாள்? மாத்திரை விழுங்குவாள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்ச்சீட்டே இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு வெளிக்கொண்டு வந்தது. வலியை அமுக்கினால் அன்றைய இலக்கு நிறைவேறும். நோய் உள்ளே வளரும்.

இன்னொரு ‘தீர்வு’ மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் தெரிய வந்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் கட்ட வேண்டும். மாநில அரசு அமைத்த குழு 2019இல் அம்மாவட்டத்தில் 82,309 பெண்களிடம் கணக்கெடுத்தபோது, அவர்களில் 13,861 பேரின் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. மாதவிடாயால் வேலை கெடாமலிருக்கக் கருப்பையையே எடுத்துவிடுவது! பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டது தொடர்பான வழக்கில், அவற்றைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. கருப்பையை அகற்றினாலும், வெளியே வேரூன்றிய திசு இருக்கும்வரை எண்டோமெட்ரியோசிஸ் தீர்ந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எங்கெல்ஸ் 1884இல் ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ நூலின் முன்னுரையில், வரலாற்றைத் தீர்மானிக்கும் உற்பத்தி இருவகைப்படும் என்றார்: வாழ்வுக்கு வேண்டிய பொருள்களின் உற்பத்தி, மனிதர்களின் உற்பத்தி. உழைக்கும் பெண் இரண்டு இடத்திலும் இருக்கிறாள். ஆலையில் சட்டை தைத்துத் தர வேண்டும். வீட்டில் வாரிசு பெற்றுத் தர வேண்டும். அவள் வலி, ஆலையில் இலக்குக் குறைந்தால் கண்ணுக்குப் படுகிறது. வீட்டில் தொட்டில் ஆடாவிட்டால் கண்ணுக்குப் படுகிறது. அவளுக்கு வலிக்கிறது என்பதற்காகவே அது எவர் கண்ணிலும் படுவதில்லை. பத்தொன்பது ஆண்டுகள் என் வலிக்காக ஒருவரும் என்னைப் பெரிய மருத்துவரிடம் அழைத்துச் செல்லவில்லை. குழந்தை இல்லை என்றதும் அழைத்துச் சென்றார்கள்.

விடுப்பும் அதற்கு அப்பாலும்

இனி இந்த விடுப்புக்கு வருகிறேன். இது வானத்திலிருந்து விழுந்ததன்று. 1920களில் சோவியத் நாடு சில தொழில்களில் இதைத் தந்தது. ஜப்பான் 1947இல் தன் தொழிலாளர் சட்டத்திலேயே சேர்த்தது. பீகாரில் 1992இல் அரசு ஊழியர் போராட்டத்தை அடுத்து மாதம் இரண்டு நாள் கிடைத்தது. ஸ்பெயின் 2023இல் சட்டம் இயற்றியது.

இங்கே என்ன நடந்தது? ஓட்டல் உரிமையாளர் சங்கம் உயர் நீதிமன்றம் சென்றது. டிசம்பர் 9 காலையில் அரசாணைக்கு இடைக்காலத் தடை. அரசுத் தரப்பு முறையிட்டபின் அன்றே அந்தத் தடை திரும்பப் பெறப்பட்டது. வழக்கு நிலுவையில் இருக்கிறது. இதற்கிடையில் ஒன்றிய அரசு நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. எந்தத் தொழிற்சாலைச் சட்டத்தையும் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் பீடித் தொழிலாளர் சட்டத்தையும் சுட்டி இந்த அரசாணை எழுதப்பட்டதோ, அச்சட்டங்களையே அத்தொகுப்புகள் விழுங்கிவிட்டன. எனவே நிருவாக ஆணை போதாது. சட்டமன்றத்தில் சட்டம் வேண்டும்.

விடுப்புக் கொடுத்தால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்ற கவலையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே எழுப்பியது. நம் பெண்களில் சிலரும் இதைக் கேட்கிறார்கள். நேர்மையான அச்சம் இது, ஒதுக்கிவிடக் கூடாது. பேறுகால விடுப்பு வந்தபோதும் இதே அச்சம் சொல்லப்பட்டது. முதலாளி பழி வாங்குவான் என்பதற்காக உரிமையைக் கைவிட்டால், எட்டு மணி நேர வேலையும் நமக்குக் கிடைத்திருக்காது. பழிவாங்கலைத் தடுக்கும் பிரிவையும் சேர்த்துக் கேட்பதுதான் விடை.

ஆனால் விடுப்பு மட்டும் சிகிச்சை ஆகாது. ஒரு நாள் ஓய்வு பெற்று, மறுநாள் அதே நோயோடு எந்திரத்தின் முன் வந்து அமர்வதல்ல நாம் கேட்பது. ஐந்து கோரிக்கைகளை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் மாதவிடாய் வலியோடு வரும் பெண்ணை முறையாகக் கேட்டுப் பரிசோதித்து, மேல் மருத்துவத்திற்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். இரண்டு, நோய் உறுதியானவர்க்குப் பன்னிரண்டு நாட்களுக்கு மேலும் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு வேண்டும். மூன்று, குழந்தைப்பேற்றுச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் அதைத் தன் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. விளைவாக ஏழைப் பெண் நகையை அடகு வைத்துத் தனியார் மையங்களின் வாசலில் நிற்கிறாள். நான்கு, ஆலை மருத்துவ அறையில் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். ஐந்து, அரசாணைக்கு வெளியே நிற்கும் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கும் இவ்வுரிமை வேண்டும். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து இந்த நகரத்தின் பாத்திரங்களைத் துலக்கும் நம் பெண்களுக்கு ஒரு நாள் விடுப்பு என்பது இன்றும் ஒரு நாள் கூலி இழப்புதான்.

இவை கிடைக்குமா என்று கேட்பீர்கள். 2016 ஏப்ரலை எண்ணிப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியில் கை வைத்தபோது, எந்தத் தலைவரின் அழைப்புக்கும் காத்திராமல் இந்நகரத்தின் ஆயத்த ஆடைப் பெண்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஒன்றிய அரசு தன் ஆணையைத் திரும்பப் பெற்றது. சேமிப்புக்காக இறங்கியவர்கள் உடம்புக்காகவும் இறங்க முடியும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் மகளிடமோ தங்கையிடமோ கேளுங்கள்: “உனக்கு எத்தனை நாள் வலிக்கிறது? பள்ளிக்கும் வேலைக்கும் போக முடிகிறதா?” முடியவில்லை என்றால் மாப்பிள்ளை தேடாதீர்கள்; மருத்துவரைத் தேடுங்கள். தோழர்களாகிய ஆண்களுக்கும் இதே வேண்டுகோள். எனக்குக் குழந்தை இல்லை. அதற்காக உங்கள் இரக்கத்தை நான் கேட்கவில்லை. பதின்மூன்று வயதில் தங்கவயலில் சுருண்டு கிடந்த அந்தச் சிறுமியிடம் எவரேனும் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் எண்ணுகிறேன்.

பீன்யாவில் என்னிடம் கேள்வி கேட்ட பெண், அடுத்த வாரம் என்னுடன் மருத்துவமனைக்கு வர இசைந்திருக்கிறாள். துண்டறிக்கையின் அடுத்த பதிப்பில் அவள் கேள்விக்கு இடம் இருக்கும். அதை நானே எழுதுவேன். இம்முறை மொழிபெயர்ப்பாக அன்று.